கட்டடத் தொழிலாளரின் மனநலம்



புது வீடு கட்டும் ஒருவர் அத்திவாரம் இடுவதற்கு நாள் பார்க்கிறார். வாசல்நிலை வைக்கும்போது மஞ்சள் பூசிப் பூசை செய்கிறார். வீடு குடிபூரும் நாளில் மேசனாரையும் ஓடாவியாரையும் அழைத்து, வேட்டி சால்வை கொடுத்து மரியாதை செய்கிறார். நல்ல வழக்கந்தான். ஆயினும் அத்திவாரத்துக்கும் குடிபூரலுக்கும் இடைப்பட்ட எட்டோ பத்தோ மாதங்களில் அந்த மேசனாரின் மனம் எந்நிலையில் இருந்தது என்று கேட்டறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? கல் எத்தனை வேண்டும், சீமெந்து எத்தனை மூடை வேண்டும் என்று கேட்கிறோம். அவர் இரவில் உறங்குகிறாரா என்று கேட்பதில்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

மனநலம் என்றவுடன் நம்மவர் பலருக்கு 'விசர்' என்ற ஒரு சொல்லே நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பலர் தம் துன்பத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் பேச எடுத்துக்கொண்டது அதுவன்று. காலையில் எழுந்து வேலைக்குப் போகவும், பக்கத்தில் நிற்பவரோடு முகங்கொடுத்துப் பேசவும், நாளையைப் பற்றி ஏதோ ஒரு நம்பிக்கை வைக்கவும் ஒருவருக்கு வேண்டிய உள்வலுவையே மனநலம் என்கிறேன். கை கால் சுளுக்குவதுபோல் அதுவும் சுளுக்கும். உரிய உதவி கிடைத்தால் மீளவும் செய்யும்.

கட்டடத் தொழிலைத் தனியே எடுத்துப் பேசுவது ஏன் என்று கேட்கலாம். மரணங்களைத் தொழில்வாரியாகக் கணக்கெடுத்த நாடுகள் இதற்கு விடை தருகின்றன. 2011 முதல் 2015 வரை இங்கிலாந்தில் நிகழ்ந்த தற்கொலைகளை அந்நாட்டின் தேசிய புள்ளிவிபர அலுவலகம் தொழில்வாரியாக ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டது. கட்டடத் தளங்களில் கைவேலை செய்யும் ஆண்களுக்கு இவ்வபாயம் அந்நாட்டு ஆண்களின் சராசரியிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்டதாய் இருந்தது. சாந்து பூசுவோருக்கும் வர்ணம் தீட்டுவோருக்கும் அது இரு மடங்குக்கு மேற்பட்டிருந்தது. அவுஸ்திரேலியாவிலோ, வேலைத்தள விபத்துக்களில் உயிரிழக்கும் கட்டடத் தொழிலாளரிலும், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் கட்டடத் தொழிலாளர் பன்மடங்கினர் என்று கண்டனர். சாரத்திலிருந்து விழாமல் காக்கக் கயிறு உண்டு, தலைக்கவசம் உண்டு, சட்டமும் உண்டு. அதனிலும் பெரிய ஆபத்துக்கு ஒன்றுமே இல்லாதிருந்தது.

இத்தொழிலில் ஒரு விந்தை உண்டு. ஆசிரியர் ஒரு வகுப்பை முடித்தால் அடுத்த வகுப்பு வருகிறது. கமக்காரர் அறுவடை செய்தால் அதே வயல் அடுத்த போகத்துக்குக் காத்துக் கிடக்கிறது. மேசனோ தம் வேலையை எவ்வளவு திறமையாகவும் விரைவாகவும் செய்கிறாரோ, அவ்வளவு விரைவில் வேலையற்றவராகிறார். கூரை ஏறும் நாள் வீட்டுக்காரருக்குப் பெருமகிழ்ச்சி. அதே நாளில் மேசனார், அடுத்த கிழமை எவர் வீட்டு வாசலில் நிற்பது என்று எண்ணுகிறார். தம் கைத்திறனே தம் வேலையை முடித்துவைக்கும் தொழில் வேறு அதிகமில்லை.

பெரும்பாலோர் பெறுவது நாட்கூலி. மழை பெய்தால் அது இல்லை. மணல் லொறி வராவிட்டால் இல்லை. வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பத் தாமதித்தால், அதுவும் மேசனின் தலையிலேயே விடிகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்கு ஏறி, நாடெங்கும் கட்டடங்கள் அரைகுறையாய் நின்றதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நின்றுபோன சுவரை யாவரும் பார்த்தோம். அச்சுவரை விட்டுக் கீழே இறங்கியவர் எங்கே போனார்? பலர் அடைவுகடைக்குப் போயினர். அதன்பின் மீற்றர் வட்டிக்காரரிடம் போயினர். நாளுக்கு நாள் ஏறும் வட்டி, நாளுக்கு நாள் நிச்சயமற்ற கூலி. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு குடும்பம்.

கொழும்பின் உயர்ந்த மாடிகளைக் கட்டுவோர் நிலை வேறொரு வகையினது. நுவரெலியா, பதுளை, மட்டக்களப்பு, வன்னி ஆகிய இடங்களிலிருந்து இளைஞர் அங்கே போகின்றனர். பெரிய கொந்தராத்துக்காரரிடமிருந்து சிறிய கொந்தராத்துக்காரருக்கும், அவரிடமிருந்து பாஸ் எனப்படும் தலைமை வேலையாளுக்கும், அவரிடமிருந்து இவ்விளைஞருக்கும் என்று காசு படிப்படியாய் இறங்கி வருகிறது. எந்தப் படியில் அது நின்றுபோனது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. எவரிடம் கேட்பது என்பதும் தெரியாது. கேட்க வேண்டிய மொழியும் சிலவேளை கைவராது. இரவில் தாம் கட்டும் கட்டடத்தின் ஒரு மூலையிலோ, பக்கத்துத் தகரக் கொட்டிலிலோ படுக்கின்றனர். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தால், விடியும்வரை அக்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் இன்னொன்றையும் சேர்த்தெண்ண வேண்டும். 2009இல் போர் முடிந்தபின் வீடமைப்புத் திட்டங்கள் பல வந்தன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மட்டும் இவ்விரு மாகாணங்களுக்கும் 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. அவ்வேலைக்கென்றே கரண்டி பிடிக்கக் கற்றவர் பலர். தம் வீட்டையும் சிலவேளை தம் வீட்டாரையும் இழந்த கைகளே அடுத்தவர் வீட்டுச் சுவரை எழுப்பின. வேலை அவர்களுக்கு ஆறுதலாயிருந்தது என்பது உண்மை. வேலை முடிந்த மாலை வேளை அவ்வாறிருக்கவில்லை என்பதும் உண்மை.

உடல் நோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பி வளைப்பவரின் இடுப்பும், கொங்கிறீற்றுத் தாச்சி சுமப்பவரின் கழுத்தும் நாற்பத்தைந்து வயதில் என்ன நிலையில் இருக்கும் என்பதை அவர்களோடு பழகியவர் அறிவர். சாராயத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மேசன்மார் குடிகாரர் என்று சொல்லிவிட்டு நகர்வது நம்மூரில் எளிது. பகல் முழுதும் நொந்த முதுகுக்கும் இரவில் வராத உறக்கத்துக்கும் கையில் கிடைத்த மருந்தாகவே பலருக்கு அது தொடங்குகிறது என்பதையும் நியாயமாகச் சொல்லல் வேண்டும். அம்மருந்து பிறகு நோயிலும் கொடிதாகிறது. கலங்கிய மனத்தை மேலும் கலக்கி, நிதானத்தைப் பறிக்கிறது. நோவைத் தீர்க்காமல் குடியை மட்டும் ஏசுவதால் பயன் கண்டவர் எவரையும் நான் அறியேன்.

இனி, இத்துன்பத்தைக் கண்டு ஒரு நாட்டார் செய்த வேலையைச் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்தில் கட்டடத் தொழிலாளர் தற்கொலை பற்றிய ஆய்வறிக்கை ஒன்று 2006இல் வெளிவந்தது. அதன் பயனாக 2008இல் தொழிற்சங்கத்தாரும் தொழில்தருநரும் சேர்ந்து 'மேற்ஸ் இன் கொன்ஸ்ட்ரக்சன்' என்றோர் அமைப்பைத் தொடங்கினர். 'கட்டடத் தொழிலில் தோழர்' என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். சம்பளப் பேச்சில் எதிரெதிராய் இருப்போர் இதற்கு ஒரு மேசையில் அமர்ந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

அவர்கள் வைத்தியரைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதோடு தொடங்கவில்லை. தளத்திலுள்ள எல்லாரையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒன்றாயிருத்தி, மனத்துன்பம் எவ்வாறு வெளிப்படும், கண்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தனர். அவர்களுள் விரும்பி முன்வருவோர் சிலருக்கு மேலும் சில மணி நேரப் பயிற்சி. இவர்களை இணைப்போர் என்பர். துன்பப்படுபவரைத் தனியே விடாது பாதுகாத்து, உதவி செய்யக்கூடியவரிடம் சேர்ப்பிப்பதே இவர்கள் கடமை. இன்னும் சிலருக்கு இரண்டு நாட் பயிற்சி. உயிரை மாய்க்க எண்ணுபவரோடு அமர்ந்து பேசி, அந்த நேரத்தைக் கடத்திவிட வல்லவர் இவர்கள். பயிற்சி பெற்றவர் தம் தலைக்கவசத்தில் ஒரு சிறு அடையாளத்தாளை ஒட்டிக்கொள்கின்றனர். பேச விரும்புபவன் அலுவலகம் தேடிப் போக வேண்டியதில்லை. எவரிடமும் விசாரிக்கவும் வேண்டியதில்லை. அந்த அடையாளம் உள்ள தலையைத் தேடினால் போதும். பின்னர் மற்ற மாநிலங்களுக்கும், 2019இல் நியூசீலாந்துக்கும் இம்முறை பரவியது.

இம்முறையின் நுட்பம் யாதெனில், கட்டடத் தொழிலாளி தன் மனத்தை முதலில் திறப்பது வைத்தியரிடம் அன்று, பக்கத்தில் நிற்பவனிடமே என்பதை அது ஏற்றுக்கொண்டதாகும். இங்கே நம்மூர்ச் சொல் ஒன்று எனக்கு நினைவு வருகிறது. யாழ்ப்பாணத்தில் மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுக்கும் உதவியாளை 'முட்டாள்' என்று அழைப்பர். அயலூரார் கேட்டால் சிரிப்பர். அறிவில்லாதவன் என்று வைவதாக நினைப்பர். முட்டுக் கொடுக்கும் ஆள் முட்டாள் என்று பெரியோர் விளக்கம் சொல்வர். கொங்கிறீற்றுத் தட்டு இறுகும்வரை அதன் கீழே நிற்கும் கம்பங்களையும் முட்டு என்றுதானே சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் வகுப்பறைக் கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்தபோது நான் கண்டதைச் சொல்லலாம். தலைமை மேசனார் தூக்குக்குண்டு போட்டதுபோல் சுவர் வைப்பவர் என்று பெயர் எடுத்தவர். ஒரு கிழமையில் அவர் வைத்த சுவர் இருமுறை மட்டம் பிசகியது. இருமுறையும் பிரித்துக் கட்ட நேர்ந்தது. மேற்பார்வையாளர் ஏசினார். கூலியில் கழிப்பேன் என்றார். மேசனார் மறுமொழி சொல்லவில்லை. மறுமொழி சொல்லாமையே அவர் இயல்புக்கு மாறானது என்பதை அவரின் முட்டாளாய் நின்ற பையன் ஒருவன் மட்டும் கவனித்தான். அவனுக்கு வயது பத்தொன்பது, க. பொ. த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவன் மேசனாரின் பக்கத்தில் போயிருந்து, "அண்ணை, மூண்டு நாளா நீங்கள் கொண்டுவந்த சோத்தை நாய்க்குத்தான் போடுறியள். என்ன நடந்தது?" என்று கேட்டான். சற்றுநேரம் பேசாதிருந்தவர் பிறகு பேசத் தொடங்கினார். இரண்டு மாதக் கூலி நிலுவை. மகளின் தோடு அடைவில். மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லை. இரவில் கிணற்றுக்கட்டில் போய் இருப்பதாகவும் சொன்னார். பையன் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். "கிணத்தடியில ஏன் இருக்கிறியள், அண்ணை? சாக வேணுமெண்டு நினைக்கிறியளோ?" என்று நேரே கேட்டான். ஆம் என்றார். அன்று பின்னேரம் அவன் அவரைத் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனான். அவருடைய தம்பியாரையும் அங்கே வரவழைத்தான். சுவர் பின்னர் முடிந்தது; நேராகவே நிற்கிறது.

அப்பையன் எந்தப் பயிற்சியும் பெற்றவனல்லன். குயீன்ஸ்லாந்தில் கற்பிப்பதையே அவன் செய்தான். மாறுதலைக் கவனித்தான், தனிமையில் கேட்டான், பதில் வரும்வரை பொறுத்தான், அஞ்சாமல் நேரே வினாவினான், கேட்டபின் தானே வைத்தியனாகாமல் உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். இவற்றுள் நேரே வினாவுவதுதான் நமக்கு அரிதாய் இருக்கிறது. சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று அஞ்சுகிறோம். ஆராய்ந்தோர் அவ்வாறு கண்டாரல்லர். அமைதியாகக் கேட்பதனால் எவர்க்கும் அவ்வெண்ணம் புதிதாய் உண்டாவதில்லை. ஏற்கெனவே உள்ளவருக்குச் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. "உனக்கென்ன குறை? பிள்ளை குட்டியை நினை" என்று உபதேசிப்பதே வாயை அடைத்துவிடுகிறது. அவர் பிள்ளைகளை நினைத்தே உறங்காதிருப்பவர் என்பதை நாம் அறியோம்.

விதி என்று சொல்லிக் கைகட்டியிருப்பாருக்கு நம் நாட்டின் அனுபவமே மறுமொழி. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. கொடிய பூச்சிநாசினிகளையும் களைநாசினிகளையும் ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின்னர், அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. ஆபத்தான கணம் கடந்துபோகக் கூடியது, அக்கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிடில் மனிதன் பிழைத்துக்கொள்கிறான் என்பதை உலகுக்கு நாம் காட்டியிருக்கிறோம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட பழைய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. ஆதலால் பொலிசுக்கு அஞ்சி ஒளிக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் காசு கொடாமலே சிகிச்சை பெறலாம். 1926 என்ற தொலைபேசி இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தினது. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பும் துன்பப்படுவோர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறது.

இவ்வளவும் தோழர் செய்யக்கூடியவை. ஆனால் மேசனாருக்கு இரண்டு மாதக் கூலி கொடாதவரை விட்டுவிட்டு, பையனின் அன்பை மட்டும் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வேலைத்தல மனநலம் பற்றி வெளியிட்ட வழிகாட்டலும் தொழிலாளியை மட்டும் திருத்த முற்படவில்லை. வேலை ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும் முறையைச் சீர்செய்யும்படியும், மேற்பார்வையாளருக்குப் பயிற்சி அளிக்கும்படியும் கூறுகிறது. ஏசத் தெரிந்த மேற்பார்வையாளருக்குக் கேட்கவும் தெரிய வேண்டும்.

கொந்தராத்துக்காரர் என்றதும் நேயர்கள் யாரோ ஒரு பெருமுதலாளியை நினைப்பீர்கள். நம் ஊர்களில் மேசனுக்கு வேலை கொடுப்பவர் பெரும்பாலும் நாமேதான். ஒவ்வொரு வீட்டுக்காரரும் சில மாதங்களுக்கு முதலாளி. 'முழுக் காசையும் கொடுத்தால் வரமாட்டான். கொஞ்சத்தைப் பிடித்து வைக்க வேண்டும்' என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்கிறோம். வராமல் போகும் மேசன் இல்லையென்று நான் சொல்லவில்லை. அதற்கு மருந்து, இன்ன வேலை முடிந்தால் இன்ன தொகை என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது; செய்து முடித்த வேலைக்குரிய கூலியைப் பிடித்து வைப்பதன்று. சனிக்கிழமை பின்னேரம் கொடுப்பதாகச் சொன்ன காசைச் சனிக்கிழமையே கொடுப்பது, அந்த வீட்டில் ஒரு கிழமைக்கு உறக்கத்தைக் கொடுப்பதாகும். வேலை அடுத்த மாதம் நிற்கப் போகிறதென்றால் இந்த மாதமே சொல்லிவிட வேண்டும். மேசனார் வேறிடம் பார்த்துக்கொள்வார் என்று அஞ்சி மறைப்பது முறையன்று, பார்த்துக்கொள்ளட்டுமே.

நிழலில் இருந்து உண்ண ஓரிடம், குடிநீர், மலசலகூடம் என்பவற்றை மனநலத்தோடு ஏன் சேர்க்கிறேன் என்று வியக்க வேண்டாம். நம் வேலைத்தளங்களில் கல் சுமக்கும் பெண்களும் உளர். மறைவிடம் இல்லாமையால் பகல் முழுதும் தண்ணீர் குடியாமல் வெயிலில் நிற்பவரின் மனம் எப்படியிருக்கும்? ஒருவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டால், அன்று வேலையை நிறுத்தி, கூலியை நிறுத்தாது, எல்லாரையும் கூட்டி நடந்ததைப் பேச விட வேண்டும். கண்ணெதிரே தோழன் விழக் கண்டவன் மறுநாள் அதே பலகையில் காலை வைக்கும்போது அவன் கால் மட்டுமா நடுங்குகிறது?

சட்டம் இதில் பின்தங்கியே நிற்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், கை போனால் இவ்வளவு, விரல் போனால் இவ்வளவு என்று அங்கம் அங்கமாக அட்டவணை போட்டுத் தந்தது. அக்காலத்துக்கு அது பெரிய காரியம். 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் முதுமைக்கு ஒரு பிடி கொடுத்தது. தொழிலாளர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். நாட்கூலிக்குத் தளம் மாறித் தளம் போகும் மேசனின் பெயரில் அப்பணம் ஒழுங்காய்ச் சேர்வது அரிது. பெயரும் திகதியும் எழுதப்பட்ட சம்பளத் துண்டு ஒன்று கையில் இருந்தாலாவது அவர் தொழிற் காரியாலயத்துக்குப் போய்க் கேட்கலாம். அத்துண்டைக் கேட்டு வாங்குவதற்குத் தொழிற்சங்கங்கள் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடக்கிலும் கிழக்கிலும் மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். சாரம் நனைந்து கிடக்கும். ஆட்கள் தத்தம் வீடுகளுக்குப் போய்விடுவர். கூலியும் தோழரும் ஒருங்கே இல்லாத காலம் அது. தலைமை மேசன்மாரிடம் வேலையாட்களின் தொலைபேசி இலக்கங்கள் எழுதிய கொப்பி ஒன்று இருக்கும். மழை விட்டதும் ஆட்களைக் கூப்பிடுவதற்கென்று வைத்திருப்பார்கள். மழையின் இரண்டாம் கிழமையில், வேலைக்கு ஆள் வேண்டாத நேரத்தில், அக்கொப்பியை எடுத்து ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு, "தம்பி, என்ன பாடு?" என்று கேட்கலாம். எவராவது தொலைபேசியை எடுக்காவிட்டால், குடையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை ஒருமுறை போய்ப் பார்த்துவரலாம்.